மூன்றாம் அகவைப் பல்கலைக்கழகம்

மூன்றாம் அகவைப் பல்கலைக்கழகம் என்பது பணி ஓய்வு பெற்றோர் ஒன்றுகூடிக் கற்கும் அமைப்பு ஆகும். பணியும் பிள்ளை வளர்ப்பும் முடிந்து, பிறரைச் சார்ந்து வாழும் முதுமை தொடங்குவதற்கு முன்னுள்ள பருவம் மூன்றாம் அகவை எனப்படுகிறது.

வரலாறு

1973 ஆம் ஆண்டில் பிரான்சின் துலூசு நகரில் பேராசிரியர் பியேர் வெல்லா இதனைத் தொடங்கினார். அங்கு வகுப்புகளைப் பல்கலைக்கழகமே நடத்தியது. 1980களின் தொடக்கத்தில் பீட்டர் லாசுலெட், மைக்கேல் யங், எரிக் மிட்விண்டர் ஆகியோர் பிரித்தானியாவில் இதனை வேறு முறையில் அமைத்தனர். இங்கு உறுப்பினரே கற்பிப்பர்; உறுப்பினரே கற்பர். ஊதியம், தேர்வு, பட்டம் எவையும் இல்லை. சேர்வதற்குக் கல்வித் தகுதியும் தேவையில்லை.

ஓராண்டுச் செயற்பாடுகள்

பிரித்தானியக் கிளைகளின் உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா செலுத்துவர். பெரும்பாலான கிளைகளில் மாதம் ஒருமுறை சொற்பொழிவுடன் கூடிய பொதுச் சந்திப்பு நிகழும். மொழி, வரலாறு, இசை, நடைப்பயணம் முதலியவற்றுக்கான சிறு குழுக்கள் வீடுகளிலோ வாடகை மண்டபங்களிலோ கூடும். 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின்போது பல குழுக்கள் இணையவழியில் தொடர்ந்தன.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு முன்வைக்கப்படும். நிர்வாகக் குழு தெரிவு செய்யப்படும். தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுக்கு எவரும் முன்வராவிடில் கிளையே மூடப்பட நேரலாம். ஆகவே கற்க வருவோர் பொறுப்பேற்கவும் முன்வருவதைப் பொறுத்தே ஒரு கிளையின் அடுத்த ஆண்டு அமைகிறது.