வல்லாரையின் வரலாறு

நந்தவனம் அமைத்தலும் திருக்குளம் தொடுதலும் பேரறங்கள் எனப் பெரியோர் கொண்டனர். நந்தவனத்து மலர் இறைவன் திருமுடி ஏறும் பேறு பெற்றது. குளக்கரையின் ஈரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும், எவரும் விதையாமலே நிலத்தோடு நிலமாய்ப் படர்ந்து மாந்தர் பிணி தீர்க்கத் துணை நிற்கும் பூண்டு ஒன்று உண்டு. அதுவே வல்லாரை.

இஃது ஓராண்டில் விளைந்து மடியும் பயிரன்று, பல்லாண்டு வாழ்வது. கொடி ஓடிய வழியெல்லாம் கணுதோறும் வேரூன்றி இலை எழுப்பும். வடமொழியார் இதனை மண்டூகபர்ணி என்பர். தவளை இலை என்பது பொருள். அறிவை வளர்க்கும் இரசாயனங்களைக் கூறும் சரக சங்கிதை, இதன் சாற்றையே முதற்கண் வைக்கின்றது. சித்த மருத்துவர் இதனைக் கற்ப மூலிகைகளுள் ஒன்றாகப் போற்றுவர். கல்வித் தெய்வத்தின் பெயரால் சரசுவதிக் கீரை என வழங்குவாரும் உளர். வடநாட்டில் பிராமி என்னும் பெயர் இதற்கும் நீர்ப்பிரமிக்கும் பொதுவாக வழங்குவதுண்டு. எனினும் இரண்டும் வெவ்வேறு பூண்டுகளே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பூண்டின் புகழ் கடல் கடந்தது. 1852-ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவின் மருத்துவர் புவாலோ என்பார், தொழுநோய்க்கு இது மருந்தாகும் என்று எடுத்துரைத்தார். 1855-இல் புதுச்சேரியில் இருந்த லெப்பீன் என்னும் பிரெஞ்சு மருந்தியலார் இதனை ஆராய்ந்து, தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு ‘வெல்லாரின்’ என்று பெயரிட்டார். வல்லாரை என்னும் தமிழ்ச் சொல்லே அப்பெயருக்கு மூலம். சென்னையிலும் அக்காலத்தே தொழுநோயாளருக்கு இதனைக் கொடுத்துப் பார்த்தனர். உடல் தேறியது, ஆயினும் நோய் வேரறவில்லை. 1868-இல் வெளிவந்த இந்திய மருந்து நூலிலும் இப்பூண்டு இடம் பெற்றது.

தொழுநோயை முற்றும் தீர்க்கும் வழி பிற்காலத்தே வேறிடத்திலிருந்து வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை எண்ணற்றோரை அந்நோயினின்று மீட்டது. எனினும் வல்லாரையை நாடிய முயற்சியும் வீண்போகவில்லை. 1941-இல் மடகாசுகரில் இதனின்று ‘ஆசியாட்டிகோசைடு’ என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. புண் ஆறும்போது புதுத்தோல் கூடுதற்கு அது துணை செய்வதாகக் கண்டு, களிம்புகளில் சேர்த்தனர். இல்லாத பெருமையை ஏற்றாமல், உள்ள பெருமையை உள்ளவாறு உரைப்பதே இம்மூலிகைக்குச் செய்யும் மரியாதையாகும்.

இதனை வளர்த்தல் எளிது. வேருடன் கூடிய கொடித் துண்டுகளை ஈரமும் சிறிது நிழலும் உள்ள மண்ணில் நட்டால் போதும். இரண்டு மூன்று திங்களில் இலை கொய்யலாம். வேரைப் பறிக்காமல் இலையை மட்டும் கிள்ளினால் மீண்டும் மீண்டும் தழைக்கும். தமிழகத்தார் துவையலாக அரைப்பர். யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் எலுமிச்சம்புளியும் கூட்டிச் சம்பல் செய்வர். உணவாக அளவோடு கொள்ளுதல் தக்கது. மருந்தாக நாள்தோறும் உண்பவரும், கருவுற்ற மகளிரும், ஈரல் நோயுடையோரும் மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும்.

அன்பர்கள் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் நீரிலும் உள்ளதை உறிஞ்சும் இயல்பினது. ஈயம் முதலிய நச்சு உலோகங்கள் கலந்த கழிவுநீர் புகுந்தால், அந்நஞ்சும் இலையில் ஏறிவிடும். நோய் தீர்க்கும் அதே இலை அப்பொழுது நோய் தருவதாகும். ஆகவே சாக்கடை கலந்த கரையில் முளைத்ததைக் கொய்தல் ஆகாது. மூலிகையைக் காத்தல் என்பது அது வேரூன்றிய நீர்நிலையைக் காத்தலே.

கோபுரக் கலசத்திற்கு நீராட்டும் நன்னாளில் திருக்குளத்தையும் நினைத்தல் தகும். வரத்துக்கால் தூர்ந்திருப்பின் தூர்வாருதலும், கழிவுநீர் புகாவண்ணம் தடுத்தலும், நந்தவனத்து ஈரமான மூலையொன்றில் வல்லாரை நடுதலும் சிறு பொருளில் இயலும் திருப்பணிகள். குளம் தூயதானால் கரையும் தூயதாகும். கரை தூயதானால் அங்குப் படரும் எளிய பூண்டும் வருவார்க்கெல்லாம் மருந்தாகும்.