காலி இடத்துக்கும் செலவு உண்டு: இங்கிலாந்தில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பின் நிதிமுறை

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பையும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் சில நாள் ஓய்வெடுக்க உதவும் மாற்றுப் பராமரிப்பையும் இரு வழிகளில் வாங்கிவந்துள்ளன. மையத்துக்கு ஆண்டு மானியம் தருவது, அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களை மொத்தமாக ஒப்பந்தம் செய்வது பழைய வழி. முதியவர் பெயரில் தனிநபர் ஒதுக்கீடு ஒன்றை நிர்ணயித்து, அவர் வரும் நாளுக்கு மட்டும் பணம் தருவது புதிய வழி. வீட்டுக்கே வந்து செய்யும் உதவிக்குப் புதிய வழி நன்கு பொருந்துகிறது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் மையத்தை அது மெல்ல அரிக்கிறது. இடத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவையும் அதைப் பயன்படுத்தும் செலவையும் பிரித்தே நிதியளிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சமூகப் பராமரிப்பு பற்றிய சர் ராய் கிரிஃபித்ஸின் 1988 அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் பராமரிப்பை நேரடியாக நடத்திவந்த மன்றங்களை அதை வாங்குபவர்களாக மாற்றின. பயனாளியின் கையிலேயே பணம் தர 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 65 வயதைக் கடந்தோருக்கு அது 2000இல்தான் கிட்டியது. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் தனிநபர் ஒதுக்கீட்டுக்குச் சட்ட அடித்தளம் அமைத்தது. இந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. தம் வாழ்வை அலுவலர்கள் முடிவு செய்வதை ஏற்க மறுத்துப் போராடிய மாற்றுத்திறனாளிகள் வென்றெடுத்த உரிமை அது.

ஆனால் உழைக்கும் வயதினரின் அனுபவத்தில் பிறந்த கருவி தளர்ந்த முதியவருக்கும் அப்படியே உதவுமா? 13 மன்றங்களில் நடந்த தனிநபர் ஒதுக்கீட்டு முன்னோடித் திட்டத்தின் மதிப்பீடு 2008இல் வெளியானது. இளைய மாற்றுத்திறனாளிகளிடம் மனநிறைவு கூடியிருந்தது. முதியோரிடமோ, வழக்கமான சேவை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், மனநலம் தாழ்ந்திருந்தது. இந்த எச்சரிக்கைக்குப் பிறகும் சட்டம் அதே திசையில் சென்றது வருந்தத்தக்கது.

சிக்கலின் வேர் கணக்கில் இருக்கிறது. 25 பேருக்கான மையம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வாடகை, வெப்பமூட்டல், சமையலறை, சக்கர நாற்காலியை ஏற்றும் வேன், குறைந்தபட்சப் பணியாளர்கள்: 25 பேர் வந்தாலும் 15 பேர் வந்தாலும் இச்செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பத்துப் பேர் நின்றுவிட்டால் எஞ்சிய ஒவ்வொருவருக்குமான செலவு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். கட்டணம் ஏற ஏற மேலும் சிலர் விலகுவார்கள். முதியவர் மருத்துவமனையில் கிடக்கும் வாரங்களுக்கு வருமானமே இல்லை. மூடுவது என்று எவரும் முடிவெடுக்காமலே மையம் மூடப்படுகிறது. அதன் பிறகு கையில் ஒதுக்கீடு இருந்தும் அதைச் செலவிட அந்த ஊரில் இடம் இராது. சிறு சமூகங்களுக்கு இடர் இன்னும் அதிகம். லண்டனில் முதுமை எய்திய ஈழத்தமிழர் தம் மொழியில் பேசிப் பழகிய உணவை உண்ணும் ஒரு மையம், ஆள் எண்ணிக்கையை மட்டும் நம்பி நிற்பது கடினம்.

மாற்றுப் பராமரிப்பில் இன்னொரு முடிச்சு உண்டு. மறதிநோய் கண்ட கணவரைக் கவனிக்கும் மனைவிக்குத் தேவை, மகளின் திருமண வாரத்தில் ஒரு படுக்கை கிடைக்கும் என்ற உறுதி, அதுவும் சில மாதங்களுக்கு முன்பே. அவ்வப்போது வாங்கும் முறையில் பராமரிப்பு இல்லங்கள் நிரந்தரவாசிகளுக்கே முன்னுரிமை தரும். ஒரு வாரத்துக்காகப் படுக்கையைக் காலியாக வைத்திருக்க அவற்றுக்குக் காரணமில்லை. ஓய்வு மனைவிக்கு, சட்டப்படி கட்டணம் கணவருக்கு. அவருடைய வருமானமும் சேமிப்பும் கணக்கிடப்படும். சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் முழுச் செலவையும் அவரே ஏற்க நேரலாம். இவ்வரம்பு 2010 முதல் உயரவில்லை. மன்றம் செலவேற்கும் தங்கல் 28 நாளைத் தாண்டினால் அவருக்கான பராமரிப்பு உதவித்தொகையும் நின்றுவிடும். இரு தங்கல்களுக்கு இடையே 28 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அவை சேர்த்தே எண்ணப்படும். அடிக்கடி சிறு ஓய்வு எடுப்பவர்தான் இதில் சிக்குகிறார். ஸ்காட்லாந்து 2014 முதல் பராமரிப்பவருக்கான ஆதரவுக்குக் கட்டணம் பெறுவதில்லை. இங்கிலாந்து அதைப் பின்பற்றத் தயங்குவதற்குத் தக்க நியாயம் எதையும் நான் காணவில்லை.

மொத்த ஒப்பந்தத்துக்கே திரும்புவது தீர்வாகாது. நாள் முழுதும் முதியோரைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்த மையங்களையும் அது காப்பாற்றியது. நான் முன்வைப்பது இருபகுதி நிதி. கட்டடம், வண்டி, மையப் பணியாளர்கள் ஆகியவற்றுக்கு மன்றம் ஐந்தாண்டு உறுதியோடு நேரடியாகப் பணம் தர வேண்டும். அன்றன்றைய வருகைக்கான பகுதி தனிநபர் ஒதுக்கீட்டிலிருந்து வர வேண்டும். அப்போது மையம் பிழைத்திருக்கும். முதியவர் அதை விட்டு விலகும் உரிமையும் பொருளுள்ளதாக இருக்கும். ஓய்வுப் படுக்கைகளில் ஒரு பகுதியையும் இப்படியே மன்றம் முன்கூட்டி எடுத்துவைத்து, குடும்பங்கள் தேதி சொல்லிப் பதிவுசெய்ய விடலாம். லீட்ஸ் நகரில் 1980களிலிருந்து வளர்ந்துவந்த முதியோர் அண்டை வலையமைப்புகளுக்கு மன்றம் பல ஆண்டு மானியம் அளித்துள்ளது. அவற்றின் பணி பெரும்பாலும் இலகுவானது என்றாலும் நிலையான நிதியின் பயனை அறிய அவை உதவும்.

காலி இடத்துக்குப் பொதுப்பணமா என்று நிதி அலுவலர் கேட்பார். தீயணைப்பு நிலையத்தில் வண்டி நிற்பதற்கு நாம் பணம் தருகிறோம். பராமரிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பலவகையான தரமான சேவைகள் கிடைக்கும் சந்தையை ஊக்குவிப்பதை மன்றத்தின் கடமையாக்கியிருக்கிறது. இருக்கைகளை நிரப்பும் பொறுப்பை மையத்தின் தலையில் மட்டும் சுமத்தும் மன்றம் அந்தக் கடமையை எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பதை ஆண்டு வரவுசெலவு அறிக்கையில் விளக்கக் கட்டாயப்படுத்த வேண்டும். ஒரு மையத்துக்கான நிதியை நிறுத்தும் முன், அங்கு வருவோரைப் பராமரிக்கும் குடும்பங்கள் ஒவ்வொன்றின் தேவையையும் மறுமதிப்பீடு செய்து வெளியிடுவதும் அதே கட்டாயத்தில் அடங்க வேண்டும்.