பானைக் கீறல்களும் கம்ப்யூட்டரும்

பழனி மலையடிவாரத்தில் பொருந்தல் என்றொரு சிற்றூர். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் அங்கு நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றில் நெல் நிறைந்த ஜாடியும், 'வய்ர' என்று தமிழ் பிராமியில் கீறப்பட்ட தாங்கியும் கிடைத்தன. நெல்லைச் சோதித்ததில் வந்த காலம் கி.மு. 490! அது எழுத்து, படித்துவிட்டார்கள். ஆனால் தமிழகப் பானையோடுகளில் எழுத்தாகாத கீறல்களே அதிகம். அவற்றை என்ன செய்வது?

இதே சிக்கல் சிந்துவெளி முத்திரைகளிலும் உண்டு. ஆளுக்கொரு மொழியாகப் படித்தார்கள். சரிபார்க்க வழியில்லை. அந்த வழியை உண்டாக்கியவர்களில் ஒருவர், நம் ஐராவதம் மகாதேவன் (1930-2018). ஐ.ஏ.எஸ். அதிகாரியான இவர், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் உதவியோடு செய்த வேலை, பார்த்தால் வெறும் குமாஸ்தா வேலைதான். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்; மொத்தம் 417. முத்திரை வாசகங்கள் எல்லாம் எண் வரிசைகளாயின. எந்தக் குறி எங்கே, எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் வருகிறது என்று பேரேடு போல அட்டவணை வந்தது. 1977-ல் இந்தியத் தொல்லியல் துறை அதை நூலாக வெளியிட்டது. பின்லாந்தில் அஸ்கோ பர்ப்போலா குழுவினரும் 1973-லேயே இப்படியொரு தொகுப்பை வெளியிட்டிருந்தனர்.

பலன் என்ன? ஜாடி போன்ற ஒரு குறி மட்டுமே மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதும், அது பெரும்பாலும் வாசகத்தின் கடைசியில் வருகிறது என்பதும் தெளிவாயிற்று. இனி யார் 'படித்தாலும்' இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மகாதேவன் தன் தரவைப் பூட்டி வைக்கவில்லை. 2009-ல் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாஹியா, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ரணஜய் அதிகாரி ஆகியோர், மகாதேவனையும் சேர்த்துக்கொண்டு, அதே தரவில் குறிகளின் வரிசை ஒழுங்கை அளந்தனர். சங்கத் தமிழ், சுமேரியம் போன்ற மொழிகளோடு ஒப்பிட்டபோது ஒழுங்கின் அளவு அருகருகே வந்தது. "அதனால் மட்டும் அது மொழியாகிவிடுமா?" என்று ரிச்சர்ட் ஸ்ப்ரோட் போன்றோர் மறுத்தனர். நியாயமான கேள்விதான்.

மறுபடி பானையோடுகளுக்கு வருவோம். கா.ராஜனும் ர.சிவானந்தமும் 140 ஊர்களின் 15,000-க்கும் மேற்பட்ட கீறல் ஓடுகளைத் தொகுத்து ஒப்பிட்ட நூலை, தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. கீறல்களில் சுமார் 90 விழுக்காட்டுக்குச் சிந்துவெளியில் இணை உண்டாம். அம்மாதமே, சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்! ஆனால் அந்த ஒப்பீடு உருவ ஒப்புமை மட்டுமே. ஒலியும் பொருளும் ஒன்று என்பது தனி வழக்கு.