சந்தாவும் நாணயமும்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் விற்கப்படும் தமிழ்நாட்டு இதழ்களுக்கு இரண்டு விலை உண்டு. அட்டையில் அச்சிட்ட விலை ரூபாயில். கடையில் கொடுக்கும் விலை ரிங்கிட்டில், நம் வழக்கில் சொன்னால் வெள்ளியில். ஒன்றை மற்றொன்றாகப் பெருக்கியும் வகுத்தும் பார்த்து, இது அதிகம் என்பாரும் மலிவு என்பாரும் நம்மிடையே உளர். ஆனால், இவ்விரண்டில் எது நியாயமான விலை, அதில் எழுதியவனுக்குச் சேரவேண்டிய பங்கு யாது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. விடை காண விரும்புவோர் 120 ஆண்டுக் கணக்கைச் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

1906ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் தன் வெள்ளியின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தியது ஒன்று. அக்காலத்து இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஆகவே ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா என்பது கணக்காயிற்று. கடல் கடந்து வரும் எப்பொருளுக்கும், இதழ் உட்பட, இதுவே அளவுகோலாக நின்றது.

மற்றொன்று, அவ்வாண்டு மே மாதத்தில் சென்னையில் ‘இந்தியா’ வார இதழ் தோன்றியமை. அதனைச் சுப்பிரமணிய பாரதியார் நடத்தினார். அவ்விதழ் வகுத்துக்கொண்ட சந்தா முறை விந்தையானது. அரசாங்கத்தாருக்கு 50 ரூபாய். ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30 ரூபாய். சாதாரண வாசகருக்கு 3 ரூபாய். தாள் ஒன்று, மை ஒன்று, செய்தி ஒன்று. வாங்குவோனின் சக்தி மட்டும் வேறு. சக்திக்குத் தக்க விலை என்பது நேற்று முளைத்த கொள்கையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முதலாவது காரியம் நாணயத்தை நாணயத்தால் அளந்தது. இரண்டாவது விலையை மனிதனால் அளந்தது. இவ்விரண்டு அளவுகளில் எது நம் மக்களுக்குப் பொருந்தும் என்பதை, தோட்டத்துக் கூலிக் கணக்கைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

1927இல் இந்திய அரசாங்கம் ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸாகச் சட்டத்தால் உயர்த்தி அமைத்தது. அதன்பின் 9 வெள்ளிக்கு 14 ரூபாய் என்று விகிதம் அமைந்தது. பழைய கணக்கில் 100 வெள்ளிக்கு 175 ரூபாய் பெற்றிருக்கக்கூடிய ஊர்க் குடும்பம், புதிய கணக்கில் 155 ரூபாய் சொச்சமே பெற்றது. மரம் சீவியவன் எப்போதும்போல் உழைத்தான். எங்கோ ஒரு சட்டசபையில் திருத்திய எண் அவன் வீட்டு அடுப்பைத் தொட்டது.

இனி, ஓர் இதழின் ஆண்டுச் சந்தா 3 ரூபாய் என்று கொள்வோம். 9க்கு 14 என்னும் விகிதத்தில் அது 1 வெள்ளி 93 காசு. அக்காலத்தில் சிலாங்கூர் போன்ற, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளின் தோட்டங்களுக்கு வகுத்த திட்டக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆகவே அச்சந்தா ஆணுக்கு நான்கு நாள் கூலிக்குச் சற்றுக் குறைவு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தது. கூலியும் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இதழின் விலை ஏறவில்லை. நாணய மாற்றும் அசையவில்லை. எனினும் அதே சந்தா ஆணுக்கு ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பாகவும், பெண்ணுக்கு ஆறு நாள் உழைப்பாகவும் உயர்ந்துவிட்டது. பேரேட்டில் ஓர் எழுத்தும் மாறாமல், படிப்பவனின் தோளில் மட்டும் பாரம் ஏறிற்று. நாணய மாற்று விகிதம் விலையைச் சொல்லும். நியாயத்தைச் சொல்லாது என்பது இதனால் விளங்கும்.

இப்பாரத்தை நம் மக்கள் எவ்வாறு தாங்கினர்? ஒருவர் வாங்கிய தாளைப் பலர் கேட்டனர். லயத்து வாசலில் எழுத்தறிந்தவன் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சுற்றி அமர்ந்தனர். ஒரு சந்தாவில் பல செவிகள் பயன்பெற்றன. அறிவு பரவியது நன்மையே. ஆனால் அச்சடித்தவனுக்குக் கிடைத்தது ஒரு சந்தாவே. எழுதியவனுக்கு அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? இந்நாட்டில் ஆதியில் எழுதியோர் பெரும்பாலும் தோட்டத்துக் கிராணிமாரும் பள்ளி ஆசிரியருமே. பகலில் செக்ரோல் எழுதிய கை இரவில் கதை எழுதிற்று. செக்ரோலுக்குச் சம்பளம் இருந்தது. கதைக்குப் பெயர் அச்சாகும் பெருமை இருந்தது. பெருமையைக் கொண்டு அரிசி வாங்க இயலாது என்பதை எடுத்துச் சொல்வது இழிவாகக் கருதப்பட்டமையால், அவ்வழக்கம் வேரூன்றியது.

கூலியும் தாளும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதை 1941ஆம் ஆண்டு காட்டியது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தமிழருக்கும் வேண்டும் என்பது அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். ஒரே வேலைக்கு இனம் பார்த்து இரண்டு கூலி கூடாது என்று கேட்ட சமுதாயம், ஒரே எழுத்துக்கு நாணயம் பார்த்து இரண்டு மதிப்பு கூடுமா என்று கேட்பது முறையே அன்றோ?

நிற்க. ஜப்பானியர் ஆட்சியில் வாழைமர நோட்டு புழங்கிய ஆண்டுகள் நீங்கலாக, 9க்கு 14 என்னும் விகிதம் 1966 வரை நிலைத்தது. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் இந்திய அரசாங்கம், அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த மதிப்பை 7 ரூபாய் 50 காசாக இறக்கியது. அதுவரை சென்னைக்கு 100 ரூபாய் அனுப்ப நமக்கு 64 வெள்ளி வேண்டியிருந்தது. பின்னர் 41 வெள்ளி போதுமானதாயிற்று. சென்னை எழுத்தாளர் ஒருவருக்கு ரூபாயில் ஊதியம் பேசிய மலேசிய ஆசிரியர் 23 வெள்ளி மிச்சம் கண்டிருப்பார். வெள்ளியில் பேசியிருந்தால் அந்த லாபம் எழுத்தாளருக்குச் சேர்ந்திருக்கும். பேச்சு எந்த நாணயத்தில் என்பதே யார் சுமை சுமப்பது என்பதை முடிவு செய்கிறது. ஒப்பந்தத்தில் தொகையைப் பார்ப்போர் பலர். தொகைக்கு முன்னிற்கும் நாணயத்தின் பெயரைப் பார்ப்போர் சிலர்.

எழுபதுகளில் ‘தமிழ் நேசன்’ நல்ல சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு வழங்கிய செய்தி மூத்த வாசகர் பலரும் அறிந்ததே. அதன் நோக்கம் கதைக்குக் கௌரவம் செய்தல். எனினும், பொன்னுக்கு மாற்று விகிதம் வேண்டுவதில்லை. எந்நாட்டுக் கடையிலும் அது பொன்னே. எழுத்துக்குத் தேயாத மதிப்புத் தரவேண்டும் என்னும் எண்ணம் இம்மண்ணில் ஒருகால் இருந்தது என்பதற்கு அதனையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியம் மாதத்திற்கு 1,700 ரிங்கிட். 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்திற்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். இரண்டும் கடைநிலைக் கூலியே. ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று கொண்டால், நம்முடைய ஒருநாள் அங்குள்ளவரின் நான்கு நாளுக்கு ஏறத்தாழச் சமம்.

இதன் விளைவு இரு பக்கமும் கூர்மையுடையது. அங்கே ஒருநாள் கூலிக்குக் கிடைக்கும் சந்தா, வெறும் மாற்றுக் கணக்கில் இங்கே 17 ரிங்கிட். கால் நாள் உழைப்பு. வாசகர் மகிழ்வார். ஆனால் இந்நாட்டுத் தாள் விலையிலும் அச்சுக் கூலியிலும் வெளிவரும் நம் இதழ் அம்மலிவோடு எவ்வாறு போட்டியிடும்? இதழ் நின்றால் அதில் எழுதுவோர்க்கு ஊதியம் ஏது? 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரியில் நின்றுபோனதை நாம் கண்டோம். மறுபுறம், நம் இதழ் ஒன்று 65 ரிங்கிட் சந்தாவை அப்படியே ரூபாயாக்கினால், தமிழ்நாட்டு உழைப்பாளி நான்கு நாள் பசியை அடகு வைத்துத்தான் அதனைப் படிக்கவேண்டும்.

ஆகவே நாம் கூறுவது இது. சந்தாவை வாசகனின் நாட்கூலியால் அளக்கவேண்டும். அந்தந்த நாட்டில் எத்தனை நாள் உழைப்பு என்பதே விலையாகவேண்டும். எழுதியவனுக்கு ஒவ்வொரு நாட்டுச் சந்தாவிலிருந்தும் இத்தனை விழுக்காடு என்று பங்கு வரவேண்டும். அப்பங்கு எவ்வளவு குறைந்தாலும், அவன் வாழும் ஊரின் நாணயத்தில் வகுத்த ஒரு தொகைக்குக் கீழே போகலாகாது. தபால், தரகு, வங்கிக் கட்டணம் ஆகியவற்றில் எவ்வளவு கரைந்தது என்பதை ஆண்டுக்கொருமுறை வாசகர் முன் வைக்கவேண்டும்.

இங்குள்ளவர் ஊரிலுள்ள உறவினர் பெயரில் மலிவுச் சந்தா கட்டி ஏமாற்றமாட்டாரா என்று கேட்பர். சிலர் செய்வர். மின்னிதழ்க் காலத்தில் அது முன்னிலும் எளிது. ஆனால் சிலர் ஏமாற்றக்கூடும் என்பதற்காகப் பலருக்கு அநியாய விலை வைப்பது, ஒருவன் பேரில் ஐயம் கொண்டு பெரட்டில் நின்ற அத்தனை பேர் கூலியையும் பிடிப்பதற்கு ஒப்பாகும். பாரதியாரின் 3 ரூபாய்ச் சந்தாவும் வாசகனின் சொல்லை நம்பியே நின்றது.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். சந்தா கட்டும் நண்பர்கள் இனி, இதழ் என்ன விலை என்று கேட்கும்போதே, எழுதியவருக்கு என்ன கொடுக்கிறீர்கள், எந்தக் காசில் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கவேண்டும். கேட்கும் வாசகர் பெருகினால் விடை சொல்லும் இதழ்களும் பெருகும். இதழ் நடத்துவோர், கேட்கும் வரை காத்திராமல், தாமே முன்வந்து ஆவன செய்வார்களாக.