ஊட்டச்சத்து அட்டவணை

ஊட்டச்சத்து அட்டவணை என்பது, விற்பனைக்காக அடைத்து முத்திரையிட்ட உணவுப் பொட்டலத்தின் மேல், உள்ளிருக்கும் பண்டம் உண்பவருக்கு எவ்வளவு சக்தியை அளிக்கும், அதில் புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் ஆகியவை எவ்வெவ்வளவு உள்ளன என்பதைச் சட்டத்தின் ஆணைப்படி எண்களால் அறிவிக்கும் குறிப்பாகும். புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையைப் போன்ற ஊர்களில், கண்ணெதிரே நிறுத்துக் காகிதத்தில் மடித்துத் தரப்பட்ட கடலையும் பொரியும் இன்று பளபளக்கும் பாக்கெட்டுகளில் பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்குகின்றன; கண்ணால் பார்த்தும் முகர்ந்தும் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மறைந்த இடத்தில், அந்தச் சிறிய கட்டமே வாங்குபவருக்கு எஞ்சியிருக்கும் சாட்சியமாகும்.

இதன் சரித்திரம் ரசாயன சாலையில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அட்வாட்டர் வகுத்த, ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4 கிலோ கலோரி, கொழுப்புக்கு 9 கிலோ கலோரி என்ற கணக்கே இன்றளவும் பொதுப் பிரமாணமாக நிற்கிறது. நம் நாட்டு உணவைப் பற்றிய ஆராய்ச்சிக்கோ தமிழகத்தின் குன்னூரே பிறப்பிடம். 1918இல் அங்கே பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பிரதேசத்து மக்களின் உணவு முறைகளை எலிகளுக்கு ஊட்டிப் பரிசோதித்து, தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவு பின்தங்கி நிற்பதைக் கண்டார். அவருக்குப் பின் குன்னூர் ஆய்வகத்தின் இயக்குநரான அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து விவரங்களைத் தொகுத்து 1937இல் பிரசுரித்தார். அந்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறிப் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அங்கே சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் 1971இல் வெளியிட்ட நூல், ஒரு தலைமுறைக்கு மேல் உணவியலாருக்கு அகராதியாக விளங்கியது. 2017இல் அந்நிறுவனம் 528 உணவுகளின் பகுப்பாய்வைப் புதிதாக வெளியிட்டது.

விஞ்ஞானம் இவ்வாறு முந்திச் சென்றிருக்கச் சட்டம் வெகுகாலம் பின்தங்கியே நடந்தது. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டம், பண்டம் சுத்தமானதா என்று கேட்டதேயன்றி, சுத்தமான பண்டமும் அளவு மீறினால் உடலை என்ன செய்யும் என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2008இல்தான் அதற்கான விதி அறிவிக்கப்பட்டது. 2006இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011, 2020 ஆம் ஆண்டுகளின் ஒழுங்குமுறைகள் அதனை விரிவாக்கின. பின்னதன்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் முதலியவை தனித்தனியே காட்டப்பட வேண்டும். ஒரு வேளைப் பங்கு, நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம் என்ற அளவுகளில் எத்தனை சதவீதம் என்றும் சொல்லப்பட வேண்டும்.

அட்டவணையைப் படிப்பதில் மக்கள் பெரிதும் ஏமாறுவது இரண்டு இடங்களில். முதலாவது, எண்கள் பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியவை, பாக்கெட் முழுவதற்கும் உரியவை அல்ல என்பது. இரண்டாவது, உப்பு என்ற பெயரை விட்டுச் சோடியம் என்ற பெயரில் அது நிற்பது. உதாரணமாக, 150 கிராம் மிக்சர் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், பாக்கெட்டை முடித்தவர் உட்கொண்டது 1,200 மில்லிகிராம். அதை இரண்டரையால் பெருக்கினால் 3 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் உகந்த 5 கிராமில் பாதிக்கு மேல், சோற்றில் கைவைக்கும் முன்பே கழிந்துவிட்டது! இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தப் பெருக்கல் தெரிந்திருப்பது மருந்துக்கு அடுத்த அவசியம். அட்டவணையோடு அச்சிடப்படும் சேர்மானப் பட்டியலும் எடையில் மிகுந்தது முதலாக இறங்கு வரிசையில் அமைய வேண்டுமாதலால், முதல் இரண்டு மூன்று பெயர்களே பண்டத்தின் சுபாவத்தைச் சொல்லிவிடும்.

விதியில் இடைவெளிகளும் உண்டு. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு பொட்டலங்களுக்கு அட்டவணை வேண்டியதில்லை. மொத்தப் பொதியில் இருந்தால் போதும். குழந்தைகள் சில்லறைக் காசுக்கு வாங்கும் பண்டங்கள் பல இந்த விலக்கில் அடங்கிவிடுகின்றன என்பது வருந்தத்தக்கது. அதனினும் பெரிய குறை மொழியைச் சார்ந்தது: கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குத் திருப்தி, பிற மொழிகளைச் சேர்ப்பது தயாரிப்பாளரின் விருப்பம். குடுமியான்மலைக் குன்றில், கி.பி. ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டைக் கிரந்த எழுத்தில் பொறித்தவர்கள்கூட அதன் இறுதியில் தமிழில் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார்கள். அதே ஊரில் நிலக்கடலை பயிரிடும் விவசாயி, கடலை சேர்ந்த பாக்கெட்டின் விவரத்தைத் தன் தாய்மொழியில் படிக்க முடியாதிருப்பது நியாயமன்று. தமிழைச் சேர்க்கச் சட்டம் எந்தத் தடையும் விதிக்கவில்லை. ஆகவே, தமிழ்நாட்டிலேயே முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் தயாரித்துத் தமிழ்நாட்டிலேயே விற்கும் நிறுவனங்கள், ஆணைக்குக் காத்திராமல், அடுத்த அச்சிலேயே அட்டவணையைத் தமிழிலும் வெளியிட வேண்டும்.