ஆறு சென்டிமீட்டர் இடைவெளி

1981 பருவத்துக்கான ஃபார்முலா ஒன் விதிகளில் புதிதாக ஒரு எண் ஏறியது. காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சீறிப் பாயும் காருக்கு அடியில் யாரும் அளவுகோலை நீட்ட முடியாது. ஆகவே, கார் பிட் லேனில் நிற்கும்போது அளந்துகொள்வது என்று ஏற்பாடானது. அந்த ஆண்டின் அமளிகளுக்கெல்லாம் வழிவிட்ட ஓட்டை அதுதான்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் லோட்டஸ். காலின் சாப்மனின் குழு 1977-ல் இறக்கிய லோட்டஸ் 78, காரின் இரு பக்கங்களிலும் விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்த வடிவத்தைக் கொண்டிருந்தது. காருக்கும் தரைக்கும் இடையிலான குறுகிய வழியில் காற்று வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறையும். கார் தரையோடு உறிஞ்சப்படும். பக்கவாட்டிலிருந்து காற்று உள்ளே புகாமல் தடுக்க, தரையை உரசியபடி மேலும் கீழும் வழுக்கும் 'ஸ்கர்ட்' தடுப்புகளைப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு லோட்டஸ் 79-ஐ ஓட்டி மேரியோ ஆண்ட்ரெட்டி உலகச் சாம்பியன் ஆனார். மற்ற குழுக்களும் அதே வழியில் இறங்கின.

ஆபத்தும் கூடவே வந்தது. வளைவில் பாயும்போது ஒரு ஸ்கர்ட் சிக்கிக்கொண்டால் போதும், காரைத் தரையோடு பிடித்திருந்த விசை நொடியில் காணாமல் போய்விடும். அதனால்தான் வழுக்கும் ஸ்கர்ட்டுகளுக்குத் தடை வந்தது, 6 சென்டிமீட்டர் விதியும் வந்தது. ஓட்டுநர் காரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லப்பட்டது.

பிராபம் குழுவின் வடிவமைப்பாளர், தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்டன் மரே, விதியை வரிவரியாகப் படித்தார். ஓட்டுநர் தொடக் கூடாது, சரி. காற்றே காரை அமுக்கினால்?

அவருடைய பிடி49சி காரின் சஸ்பென்ஷனில் காற்றும் திரவமும் சேர்ந்து வேலை செய்தன. வேகம் ஏற ஏற மேலிருந்து அமுக்கும் காற்றின் சுமை, சிலிண்டர்களில் இருந்த திரவத்தைத் தொட்டிக்குத் தள்ளும், கார் தாழும். திரவம் திரும்பி வரும் வழி மிகச் சிறிய துளை என்பதால், வளைவில் வேகம் குறையும் அந்தச் சில நொடிகளில் கார் எழும்பிவிடாது. பந்தயம் முடிந்து மெதுவாக ஒரு சுற்று வருவதற்குள் திரவம் திரும்பியிருக்கும். அளக்கும் இடத்தில் 6 சென்டிமீட்டர் சரியாக இருக்கும்!

1981 ஏப்ரலில், அர்ஜென்டினாவில், நெல்சன் பிக்கே அந்தக் காரில் எளிதாக வென்றார். எதிர்ப்பு தெரிவித்த குழுக்கள், அது எடுபடாது என்று தெரிந்ததும் தாங்களும் உயரம் மாறும் சஸ்பென்ஷன்களைச் செய்துகொண்டன. சிலர் மரே அளவுக்கு மெனக்கெடவில்லை. காக்பிட்டில் ஒரு சுவிட்சையே வைத்துவிட்டார்கள். தாழ்ந்த காரின் அடிப்பாகம் தரையில் மோதாமலிருக்க ஸ்பிரிங்குகளை இறுக்கியதில், மேடுபள்ளமெல்லாம் ஓட்டுநரின் முதுகெலும்பில்தான் இறங்கியது. பருவ முடிவில் பிக்கே, கார்லோஸ் ராய்ட்டமனை ஒரே புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனார்.

1983-ல் சக்கரங்களுக்கு நடுவே அடிப்பாகம் தட்டையாகவே இருக்க வேண்டும் என்று விதி மாறியது. கணினியால் உயரத்தைக் காக்கும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் பிறகு வந்து, வில்லியம்ஸ் காரில் நைஜல் மேன்செல்லை 1992-ன் சாம்பியன் ஆக்கி, 1994 பருவத்துக்குள் தடைசெய்யப்பட்டது.

அதே 1994 மே முதல் நாளில் இமோலா பந்தயத்தில் ஓட்டுநர் அயர்டன் சென்னா விபத்தில் இறந்தார். அதற்கு முந்தைய நாள் அங்கேயே இன்னோர் ஓட்டுநர் ரோலண்ட் ராட்சன்பெர்கர். வேகத்தைக் குறைக்க எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, காரின் அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையைப் பொருத்துவது. உயரத்தை அளப்பதற்குப் பதிலாக, பலகை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். 1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தால், கார் ஓடும்போது அளவு மீறித் தாழ்ந்தது என்று பொருள். பிட் லேனில் நிமிர்ந்து நிற்கும் தந்திரம் இதனிடம் செல்லாது. அந்த ஆகஸ்டிலேயே பெல்ஜியத்தில் முதலாவதாக வந்த மைக்கேல் ஷூமாக்கர் வெற்றியை இழந்தார். கார் சுழன்று ஓரக்கட்டையில் ஏறியபோது பலகை தேய்ந்தது என்ற அவருடைய குழுவின் விளக்கம் ஏற்கப்படவில்லை.

உயரம் வைப்பது இன்றும் மெக்கானிக்குகளுக்குக் கத்தி முனை வேலைதான். சஸ்பென்ஷனில் உள்ள புஷ்ராட் தண்டின் நீளத்தைச் சற்றே மாற்றினால் கார் ஏறும், இறங்கும். முழு டேங்க் எரிபொருளோடு கிளம்பும் கார் தாழ்ந்திருக்கும். எரிபொருள் தீரத் தீர எழும்பும். 2023-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரே ஒரு மணி நேரப் பயிற்சிதான் கிடைத்தது. அதன்பின் அமைப்பை மாற்ற அனுமதியில்லை. தடமோ மேடுபள்ளம் நிறைந்தது. பந்தயம் முடிந்து நான்கு கார்களின் பலகைகளைச் சோதித்தார்கள். இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டன், ஆறாவதாக வந்த சார்ல் லெக்லெர் இருவரும் தகுதியிழந்தார்கள்.