‘ஏகமனதாக’: மொரப்பூரிலிருந்து ஒரு உள்ளாட்சி வரலாறு

1

பஞ்சாயத்து யூனியன் கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு சொல் அலுத்துப்போயிருக்கும். ‘ஏகமனதாக.’ சாலைக்கு மண் போடுவது, குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவது, செலவினங்களுக்கு ஒப்புதல் என்று பொருள் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: மன்றம் ஏகமனதாக அங்கீகரிக்கிறது. கூட்டத்தில் நாற்காலி பறந்திருக்கலாம். ஒரு கவுன்சிலர் எழுந்து போயிருக்கலாம். ஒரு பெண் உறுப்பினர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கலாம். கிளார்க் எழுதுவதென்னவோ அதே வாக்கியம்தான். “எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரியே எழுதிக்கப்பா” என்று யாரும் சொல்ல வேண்டியதுகூட இல்லை. கை தானாக எழுதிக்கொள்கிறது.

எந்த ஊரிலும் இத்தனை விஷயத்தில் இத்தனை பேருக்கு ஒரே மனது இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு அந்தச் சொல் யாருக்காக எழுதப்படுகிறது? உள்ளாட்சி என்று நாம் பேசுகிற அமைப்பு எப்படி முடிவெடுக்கிறது என்ற கேள்வியை இந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம். களமாக மொரப்பூரை எடுத்துக்கொள்கிறேன். ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதையில் ஒரு நிலையம். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சிறப்பென்று யாரும் தேடிவராத ஊர். ஆனால் கிராமத்துக்கும் அரசுக்கும் இடையில் உள்ள உறவை மாற்றியமைத்த சோதனைகள் சில இந்த மண்ணைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

2

உள்ளாட்சி பற்றிப் பேசுகிற மேடைகளில் உத்திரமேரூர் தவறாமல் வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். முப்பது குடும்பு, குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது என்ற விதி. எல்லாம் உண்மை. ஆனால் அது ஒரு பிரம்மதேயச் சபை. வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை தகுதிகள். ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு முன்பே ஊரில் பெரும்பாலானோர் வடிகட்டப்பட்டுவிட்டார்கள். பெண்களின் பெயர் குடத்தில் விழவே இல்லை. நடைமுறை நேர்த்தியாக இருந்ததென்பதும், அந்த நேர்த்தி யாருக்குள் மட்டும் இருந்ததென்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை. நமது மேடைகள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

அடுத்த கட்டம் நமது வட்டாரத்திலேயே நடக்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. நிர்வாகத்துக்கு அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்கள். ரயத்துவாரி இங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. கிராமத்தை மொத்தமாகப் பார்க்காமல், நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் தனித்தனியே அரசு கணக்குத் தீர்த்துக்கொள்ளும் முறை அது. வேடிக்கை என்னவென்றால், அதே மன்றோ கிராமத்தின் பழைய நிறுவனங்களைக் காக்க வேண்டும் என்று வாதிட்டவரும்கூட. 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கிராம முன்சீபுக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் சில்லறை வழக்குகளை விசாரிக்கும் உரிமை கொடுத்தன. வரி நேரடியாக அரசுக்கு; வாய்த்தகராறு பஞ்சாயத்துக்கு. பணம் ஓரிடத்திலும் பேச்சு ஓரிடத்திலுமாகப் பிரிந்தது இப்படித்தான். 1830இல் மெட்காஃப் இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று எழுதியபோது, அந்தக் ‘குடியரசு’களுக்குச் சொந்தக் கருவூலம் என்று சொல்ல அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

ரிப்பனின் 1882 தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884 சென்னை லோக்கல் போர்டுகள் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்கு கட்டியது. ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர். கீழே யூனியன் பஞ்சாயத்தில் கிராம மணியகாரர்கள் பதவி வழியாகவே உறுப்பினர்கள். அதாவது வரி வசூலிக்கிற கையும், ‘மக்கள் சார்பாக’ உயர்த்தப்படுகிற கையும் ஒரே கை. ஏகமனதுக்கு வேறென்ன வேண்டும்! 1920 சட்டங்கள் தேர்தலை விரிவாக்கின. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன. இடையில், 1924இல், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டென்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. சென்னையில் நிறைவேறிய அந்தத் தீர்மானம் ஒரு சேலம் ஜில்லாக் கிராமத்தின் கிணற்றடிக்கு வந்து சேர வேண்டுமானால், அங்கே இருக்கிற போர்டும் மணியகாரரும் மனம் வைக்க வேண்டும். எத்தனை கிணற்றடிக்கு அது வரவே இல்லை என்பதை அந்தந்த ஊர்ச் சேரிகள் அறியும்.

மொரப்பூரின் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பஞ்சப் பாதுகாப்புக்கென்று 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சிறிய ரயில் பாதை வந்தது. பிறகு ஓசூர் வரை நீண்டது. 1941இல், போர்க்காலத்தில், மூடப்பட்டது. பாதையைத் திரும்பக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாக மனுக்கள் போயின. புதிய பாதைக்கு அடிக்கல் விழ 2019 ஆனது. ஓர் ஊரின் முகத்தையே மாற்றுகிற முடிவுகள் அந்த ஊர் மன்றத்தின் அஜெண்டாவுக்கு வருவதே இல்லை. மன்றத்துக்கு வருவது ஓடு மாற்றுகிற வேலை.

3

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தை அலகாகக் கொள்ள மறுத்துப் பேசியது நமக்குத் தெரியும். குறுகிய மனமும் சாதியும் குடியிருக்கிற இடம் என்று அவர் கிராமத்தைக் கண்டார். அதே மாதம் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகவே பஞ்சாயத்து அரசியல் சட்டத்துக்குள் நுழைந்தது. 40ஆவது பிரிவு, நீதிமன்றத்துக்குப் போக முடியாத வழிகாட்டு நெறி. அம்பேத்கரின் ஐயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள்.

1957 பல்வந்த்ராய் மேத்தா குழு அறிக்கைக்குப் பின் 1958 சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம். ஜில்லா போர்டுகள் ஒழிந்தன. 1960 அக்டோபர் 2 தொடங்கிப் படிப்படியாக மாநிலம் முழுக்கப் பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களே யூனியன் கவுன்சிலில் உட்கார்ந்தார்கள். மன்றத்தின் முடிவை நிறைவேற்றுகிறவர் ஆணையர் என்று பெயர் கொண்ட வட்டார வளர்ச்சி அலுவலர், சம்பளம் அரசுடையது. இருந்தும் அந்த யூனியனுக்குக் கனம் இருந்தது. காரணம் பள்ளிக்கூடம். தொடக்கப்பள்ளிகள் யூனியனுடையவை, ஆசிரியர்கள் யூனியன் ஊழியர்கள். 1981 ஜூன் 1 முதல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் வந்தது, சேர்மன் வீட்டு வாசலில் காத்திருப்பது நின்றது. ஆசிரியர்களுக்கு அது விடுதலைதான். மன்றத்துக்கோ பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சியது: ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி.’ இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1980 நவம்பர் 14 அன்று, பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பழைய ஊர் அதிகாரம் காகிதத்திலிருந்து போனது. இடத்தைப் பிடித்தது வி.ஏ.ஓ.வும் தாலுகா ஆபீசும்தான், பஞ்சாயத்து அல்ல.

தேர்தலின் கதை இன்னும் மோசம். 1970க்குப் பிறகு 1986. அதில் வந்தவர்களின் காலம் 1991இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996இல். இடைப்பட்ட காலங்களில் ‘தனி அலுவலர்.’ மன்றத்தின் அதிகாரம் முழுவதும் ஒரே ஆளிடம். அவரே பொருள் வைத்து, அவரே தீர்மானித்து, அவரே நிறைவேற்றுவார். ஏகமனது என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான பொருள் கிடையாது.

1992 ஜூன் 20 அந்த இடைவெளிக்குள் விழுகிறது. மொரப்பூர் இருக்கிற அதே அரூர் வட்டாரத்தில், வாச்சாத்தி என்ற மலையாளிப் பழங்குடியினர் ஊருக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். ஜனங்களை ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். தண்டனை வர 2011 ஆனது; உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023. தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து ஒன்று இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊர் கூடிப் பேச வேண்டிய மரத்தடியில் மூன்று துறைகள் கூடி நின்றன. எதிர்த்து ஒரு வரி எழுதிவைக்க, ஊரின் பெயரால் பதிவாகக்கூடிய ஒரு புத்தகம்கூட அன்று இல்லை. அந்த ஜனங்கள் சங்கத்தையும் கட்சியையும் நீதிமன்றத்தையும் நாடித்தான் தங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

4

73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. இடஒதுக்கீடு, ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், கிராமசபை. பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒன்று, 2016 திருத்தத்துக்குப் பின் பாதி. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசக்கூடாது. தலைமுறைகளாக வெளியே நின்றவர்கள் சட்டத்தின் வழியாகவே உள்ளே வந்தார்கள். வந்தபின் நடந்ததுதான் நம் பிரச்சினை.

சட்டத்தில் ஒரு சின்ன ஏற்பாடு. கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஊழலைத் தடுக்க என்றார்கள். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் இருக்கிற ஊரில் வார்டுகளில் பெரும்பான்மை யாரோ அவர்கள் ஆள்தான் துணைத்தலைவர். “பார்க்கலாம்மா, நாளைக்கு வாங்க” என்று ஒரு கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் போதும், ஒரு தலித் தலைவரின் ஐந்தாண்டும் கரைந்துவிடும். மேலே கலெக்டர், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தீர்மானத்தை நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம் (202ஆவது பிரிவு). 205ஆவது பிரிவின்படி தலைவரை நீக்கும் நடவடிக்கை எடுக்கலாம். கீழிருந்து சாதியும் மேலிருந்து அலுவலகமும். நடுவில் அகப்பட்டுக்கொள்வது தீர்மானம்.

மதுரை மாவட்டத்தில் இது ரத்தமாக எழுதப்பட்டது. மேலவளவில் தனி ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தல் நடத்தவே முடியவில்லை, அல்லது வென்றவர் உடனே ராஜினாமா செய்தார். அந்தப் பத்தாண்டும் ஊர் ‘ஒற்றுமையாக’ இருந்ததாகத்தான் சொன்னார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவியைத் தரையில் உட்காரவைத்து நடந்த கூட்டத்தின் படம் 2020இல் வெளியானது. படம் வெளிவராமல் இருந்திருந்தால் தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கூட்டமும் மற்றொரு கூட்டம்தான். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

கிராம்ஷி இசைவையும் பலவந்தத்தையும் சேர்த்து யோசிக்கச் சொன்னார். இசைவு கிடைத்துவிட்டதாகத் தெரிகிற இடத்தில்தான் பலவந்தம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று தேட வேண்டும். நம் ஊர்களில் முடிவு முதல் நாள் இரவே கோயில் திண்ணையிலோ கான்டிராக்டர் வீட்டிலோ எடுக்கப்பட்டுவிடுகிறது. மறுநாள் மன்றத்தில் நடப்பது அதற்கு எழுத்துருவம் கொடுக்கிற சடங்கு. தலைவர் பதவியை ஊர்க்கோயிலுக்கு ஏலம் விட்டு ‘போட்டியின்றித் தேர்வு’ என்று அறிவிப்பதும் இதே தர்க்கத்தின் நீட்சி. குஜராத் அரசு 2001 முதல் ‘சமரஸ்’ என்ற பெயரில் போட்டியின்றித் தேர்வாகும் பஞ்சாயத்துகளுக்குப் பரிசுப் பணமே கொடுத்தது. போட்டி கெட்டது, மௌனம் நல்லது என்று அரசே சொல்கிறபோது, யாருடைய மௌனம் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

5

அப்படியானால் ஏகமனது என்றாலே மோசடியா? இல்லை. 2013இல் ஒடிசாவின் நியமகிரியில், உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி, பாக்சைட் சுரங்கம் பற்றி 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. மாவட்ட நீதிபதி நேரில் இருந்தார்; ஆண்களும் பெண்களும் எழுந்து தங்கள் காரணத்தைத் தாங்களே சொன்னார்கள்; அது பதிவானது. அந்த ஏகமனது பேச்சின் வழியாக வந்தது, பேச்சை அடக்கி வந்ததல்ல. வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படாததால், பட்டியல் பகுதிகளுக்கான 1996 பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் வாச்சாத்திக்குப் பொருந்தாது. அதே மலையாளிப் பழங்குடியினருக்கு அவர்களுடைய மலை பற்றி அந்தச் சட்டப்படி கூடித் தீர்மானிக்கும் வாய்ப்பு இல்லை.

2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. மீண்டும் தனி அலுவலர்கள். 2019 டிசம்பரில் தர்மபுரி உட்பட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அவர்களுடைய காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். ‘மொரப்பூர்’ என்ற சட்டமன்றத் தொகுதியும் 2006 தேர்தலோடு வரைபடத்திலிருந்து போய்விட்டது. பெயர் தாங்கி நிற்பது ஒன்றியம் மட்டுமே. அதனால்தான் அதன் தீர்மானப் புத்தகம் யாருடையது என்பது முக்கியமாகிறது.

செயல்பாட்டாளர்களுக்குச் சொல்ல வேண்டியது பெரிய தத்துவமல்ல. கிராமசபைக்குப் போகிறவர்கள், கூட்டம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். தீர்மானத்தை அங்கேயே உரக்கப் படிக்கச் சொல்லலாம். எதிர்த்தவர் பெயரையும் காரணத்தையும் எழுதச் சொல்லலாம். 2005 தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு பழைய புத்தகங்களின் நகலைக் கேட்கலாம். கரையான் தின்னும் அந்தப் பேரேடுகள் 1960க்குப் பின்னான நம் கிராம வரலாற்றின் ஆவணங்கள். அவற்றில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து வரலாறு எழுதிவிட முடியாது. யார் பேசினார்கள், யார் நின்றுகொண்டே இருந்தார்கள், யார் கூட்டத்துக்கு வரவிடாமல் தடுக்கப்பட்டார்கள் என்பதை இன்னும் உயிரோடிருக்கிற கவுன்சிலர்களிடமும் கிளார்க்குகளிடமும் தோட்டிகளிடமும் போய்க் கேட்க வேண்டும். கேட்டு எழுதினால் ‘ஏகமனதாக’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை மனது இருந்ததென்று தெரியவரும்.